அறுபட்ட பச்சை வயர்

என் அக்கா புருஷனை எங்கள் பக்கத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டெஸ்டர் என்றால்தான் தெரியும். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா செருகுகிற இடத்தில் அவர் டெஸ்டரைச் செருகியிருப்பார். கல்யாணப் போட்டோவில்கூட மாலைக்கு நடுவே அதன் மஞ்சள் பிடி எட்டிப் பார்க்கும். கேட்டால், "மைக் செட்டுக்காரன் எப்படி வயர் குடுத்திருக்கானோ, எதுக்கும் கையில இருக்கட்டும்" என்பார். அக்கா அந்தப் போட்டோவைக் காட்டிக் காட்டிச் சிரிப்பாள்.

கரண்ட் வேலை செய்கிறவர்களில் அவரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. சின்ன பல்பு மாட்டுவதானாலும் மெயினை அணைப்பார். அணைத்தால் போதாது, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பேண்ட் பைக்குள் போட்டுக்கொள்வார். ஏணியில் நிற்கும்போது யாரோ ஒருவர் டி.வி. பார்க்கிற அவசரத்தில் மெயினைப் போட்டுவிட்ட அனுபவம் அவருக்கு இருந்தது. இதனால் இரண்டு மூன்று தடவை வேலை முடிந்து ஃபியூஸ் கட்டையோடேயே வீட்டுக்கு வந்துவிட்டார். வீட்டுக்காரர் பின்னாலேயே சைக்கிளில் மூச்சு வாங்க வந்து நிற்பார். "குடுத்துட்டுப் போங்க டெஸ்டரே, ஃபேன் கூட ஓடல" என்று கெஞ்சுவார்.

வயரைத் தொடுவதற்கு முன்னால் கரண்ட் இருக்கிற பிளக்கில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு வேலை செய்யப்போகிற வயரில் வைப்பார். எரியவில்லை என்றால் மறுபடியும் அந்தப் பழைய பிளக்குக்குப் போய் ஒரு தடவை வைத்துப் பார்ப்பார். எதற்கு இந்தக் கூத்து என்று ஒருமுறை நான் கிண்டல் செய்தேன். "செத்த டெஸ்டரும் எரியாது, செத்த வயர்லயும் எரியாது மாப்ள. எது செத்துச்சுன்னு தெரியாம எப்படிக் கை வைக்கிறது?" என்றார். அளக்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். ஒரு கையால் நுழைகிற கரண்ட் மறு கை வழியாக வெளியேறினால் நெஞ்சைத் தொட்டுவிட்டுத்தான் போகும், அதனால் ஒரு கைக்கு லீவு என்பார்.

நான் பிளம்பர். என் தொழிலில் தப்பு நடந்தால் தரை நனையும், யாராவது திட்டுவார்கள், அவ்வளவுதான். இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வாய் சும்மா இருக்காது. "ஊர்ல இருக்கிற லைட்டெல்லாம் பாப்பாரு, எங்க வீட்டு ஹால் லைட்டு ஆறு மாசமா கண்ணடிச்சுட்டு இருக்கு" என்று அவர் முன்னாலேயே சொல்லுவாள். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். அவர்களுக்கு ஒரே மகள். அப்போது கல்லூரியில் முதல் வருஷம். வீட்டில் அவளை எல்லோரும் பாப்பா என்றுதான் சொல்வோம்.

அந்த வருஷம் அத்தான் ஒரு காரியம் செய்தார். ஒரு வீட்டில் அப்போதுதான் தவழ ஆரம்பித்த குழந்தை. பிளக்குகளெல்லாம் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில். ஷாக் அடித்தால் கண் இமைக்கிற நேரத்தில் கரண்ட்டைத் துண்டிக்கிற ட்ரிப் ஸ்விட்ச் அந்த வீட்டில் இல்லை. கடையில் அன்றைக்குச் சரக்கு இல்லை. அவர் நேராக வீட்டுக்கு வந்து, தன் போர்டில் இருந்த ட்ரிப் ஸ்விட்சைக் கழற்றிக்கொண்டு போய் அங்கே மாட்டிவிட்டார்.

"நம்ம வீட்டுக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"நம்ம வீட்லதான் நான் இருக்கேன்ல."

"வீட்ல நீங்க எங்க இருக்கீங்க?"

அவள் சொன்னது சரிதான். அந்த வாரமே வெளியூரில் ஒரு பெரிய கட்டிட வேலைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று வாரம். வந்ததும் புதிதாக வாங்கி மாட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவர் போன மூன்றாம் நாள் அக்கா எனக்குப் போன் செய்தாள். குழாயில் துரு கலந்து தண்ணீர் பழுப்பாக வருகிறது, துணியெல்லாம் கறை பிடிக்கிறது என்றாள். போனேன். பின்பக்கச் சுவரோரம் தரையிலிருந்து மேலே ஏறுகிற பழைய இரும்பு பைப். தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு பிளாஸ்டிக் பைப் போட்டுவிடலாம் என்று சொன்னேன்.

அந்தப் பைப்பில் ஒரு கிளாம்ப் இறுக்கியிருந்தது. கிளாம்ப்பிலிருந்து ஒரு பச்சை வயர் சுவரில் ஏறி வீட்டுக்குள் போனது. அந்தப் பகுதியின் பழைய வீடுகளில் அதுதான் வழக்கம். கசிகிற கரண்ட்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் வயரை, பூமிக்குள் நெடுக ஓடுகிற இரும்பு பைப்பிலேயே கட்டிவிடுவார்கள். வீடு அத்தான் வாங்கியது. வயரிங் அவருக்கு முந்தைய காலத்தது. குழி வெட்டித் தனி எர்த் போடவேண்டும் என்று அவர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரும்பு பைப் இருக்கிறவரை பழையதும் வேலை செய்தது.

அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், அது கரண்ட் வயருடா. உங்க அத்தானை ஒரு வார்த்தை கேட்டுட்டு எடு."

"பைப்பே போகப்போகுது, அதுல கட்டின வயரு எதுக்குக்கா? நீ போய் டீ போடு."

போனை எடுத்து ஒரு நம்பரைத் தட்டியிருந்தால் போதும். கிளாம்ப்பின் போல்ட் துருவேறிச் சுற்றவில்லை. எனக்கு மதியம் இன்னொரு வீட்டு வேலை இருந்தது. இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடை எடுத்துப் பைப்பை அறுத்தேன், அப்படியே வயரையும் அறுத்தேன். எதையும் தூக்கிப்போட மனசு வராத ஜாதி எங்கள் பிளம்பர் ஜாதி. கிளாம்ப்பையும் அதில் தொங்கிய வயர் துண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். டீயைக் குடித்துவிட்டுப் போனேன்.

எர்த்தின் குணம் அப்படி. அது போனால் லைட் அணையாது, ஃபேன் நிற்காது, டி.வி. ஓடிக்கொண்டே இருக்கும். அது இல்லை என்று வீட்டில் ஒரு பொருளும் சொல்லாது. பதினெட்டு நாள் அந்த வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

பத்தொன்பதாம் நாள் குளியலறை ஹீட்டருக்குள் தண்ணீரைச் சுட வைக்கிற காயில் வெடித்துக் கரண்ட் அதன் உடம்பில் இறங்கியது. எர்த் இருந்திருந்தால் அது பூமிக்குப் பாய்ந்து ஃபியூஸ் போயிருக்கும். போக வழியில்லாத கரண்ட் பச்சை வயரிலேயே தங்கி, அந்த வயர் போகிற இடத்துக்கெல்லாம் போனது. ஃபிரிட்ஜ், மோட்டார், வாஷிங் மிஷின் என்று இரும்பு உடம்புள்ள எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்தது. வாஷிங் மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. அக்கா ஈரத் தரையில் நின்று, ஈரக் கையோடு அதன் மூடியைத் திறந்தாள். ட்ரிப் ஸ்விட்ச் இருந்திருந்தால் ஒரு உதறலோடு பிழைத்திருப்பாள்.

பக்கத்து வீட்டுக்காரர்தான் மெயினை அணைத்தார். அதற்குள் முடிந்துவிட்டது.

அன்று மதியம்தான் அத்தான் வெளியூர் வேலை முடிந்து வருவதாக இருந்தது. வந்தார். பையில் அக்காவுக்கு வாங்கிய செருப்பு இருந்தது. அதை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் மின்சார ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். "எர்த்தே இல்லையே, எங்க எடுத்திருக்கீங்க?" என்று கேட்டார். நான் கதவோரம் நின்றிருந்தேன். அந்தக் கேள்வி காதில் விழுந்த கணம்தான் எனக்குப் புரிந்தது. என் பையில் கிடக்கிற கிளாம்ப் கண்ணுக்கு முன்னால் வந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தான் சொன்னார்.

"நான் சரியாப் போடல சார். என் தப்புதான்."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் வயரை அறுத்ததல்ல, அப்போது வாயை மூடியதுதான்.

பாப்பா அழுது வீங்கிய முகத்தோடு அப்பாவைப் பார்த்தாள். "ஊர்ல எல்லார் வீட்டையும் பாத்தீங்க. அம்மா இருக்கிற வீட்டைப் பாக்கலியேப்பா" என்றாள். அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

ஊரும் சும்மா இல்லை. சொந்தப் பெண்டாட்டியைக் காப்பாற்றத் தெரியாதவன் நம் வீட்டுக்கு எதற்கு என்று வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவர் முகம் ஒட்டிப்போனது. நான் தினமும் போய் எதிரில் உட்காருவேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போவேன், தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வருவேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அவரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சட்டைப் பையில் டெஸ்டர் இருந்தது.

"கடப்பாரையை எடுத்துட்டு வா மாப்ள. இந்தப் பக்கம் இரும்பு பைப் மாத்தின வீடு பூரா பாக்கணும். எல்லா இடத்துலயும் எர்த் போயிருக்கும்."

அந்தத் தெருக்களில் முக்கால்வாசிப் பைப்பை மாற்றியவன் நான்தான். தெரிந்துதான் கூப்பிடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டேன்.

முதல் குழி அவர் வீட்டில்தான் வெட்டினோம். பின்சுவருக்கு வெளியே, சந்தில். ஆள் உயரத்துக்கு மேல் வெட்டி, இரும்புக் குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு சிமெண்ட் மூடி வைத்தோம். அந்த மண் காய்ந்தால் எர்த்தும் வலுவிழந்துவிடும், வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு வாளி ஊற்றணும் என்றார். போர்டில் புது ட்ரிப் ஸ்விட்சும் மாட்டினார்.

பிறகு வீடு வீடாகப் போனோம். சிலர் முகத்துக்கு நேராகவே கதவைச் சாத்தினார்கள். அவர் அடுத்த நாளும் போய் நிற்பார். உள்ளே விட்டால் ஹோல்டரில் ஒரு பல்பை மாட்டி, அதன் இரண்டு வயரைப் பிளக்கின் கீழ் ஓட்டைகள் இரண்டிலும் கொடுப்பார். பல்பு பளிச்சென்று எரியும். பிறகு ஒரு வயரை மட்டும் மாற்றி மேலே இருக்கிற பெரிய ஓட்டையில், எர்த்தில், கொடுப்பார். அதே வெளிச்சம் வந்தால் எர்த் உயிரோடு இருக்கிறது. மங்கினாலோ எரியாவிட்டாலோ போய்விட்டது. மீட்டரை மட்டும் நம்பமாட்டார். அறுந்து தொங்குகிற வயரிலும் அது ஏதோ ஒரு எண்ணைக் காட்டி ஏமாற்றும் என்பார். வேடிக்கை பார்க்கிறவர்களிடம், "இதை நீங்க செஞ்சு பாக்காதீங்க, தெரிஞ்சவனைக் கூப்பிடுங்க" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்வார். முக்கால்வாசி வீட்டில் பல்பு எரியவில்லை. எரியாதபோது ஒரு தடவைகூட அவர் என் பக்கம் திரும்பவில்லை.

ஒரு வீட்டில் ரிடையர்டு வாத்தியார் ஒருவர். ஃபிரிட்ஜின் கைப்பிடியில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"லேசாக் கடிக்கும் தம்பி. துண்டோட பிடிச்சா ஒண்ணும் பண்ணாது. ரெண்டு வருஷமா பழகிருச்சு" என்று சிரித்தார்.

அத்தான் போய் மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"என் வீட்ல கடிக்கக்கூட இல்ல சார். ஒரே தடவைதான்."

வாத்தியார் துண்டை அவிழ்த்தார். எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிப் பார்த்ததில் ஃபிரிட்ஜில் குறை இல்லை. மாடியில் இருந்த தண்ணீர் மோட்டாரில் ஒரு வயரின் தோல் உரிந்து இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. ஷாக் அடிக்கிற பொருளும் கெட்டுப்போன பொருளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று அத்தான் அவருக்கு விளக்கினார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கடப்பாரையோடு வெளியே போய்விட்டேன்.

ஒரு வருஷம் ஓடியது. எண்பத்து மூன்று வீடு. அந்தக் கிளாம்ப் என் பைக்குள்ளேயே கிடந்தது. ஒவ்வொரு காலையும் பையைத் தோளில் மாட்டும்போது அது மற்ற சாமான்களோடு இடித்துச் சத்தம் போடும். கடைசி வீட்டுக் குழியை மூடிவிட்டு, கை கழுவக்கூட எழாமல் இரண்டு பேரும் மண்மேட்டில் உட்கார்ந்திருந்தோம். இனிப் போக வீடு இல்லை. நான் பையைத் திறந்து அதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். துருப்பிடித்த கிளாம்ப், அதில் ஒரு விரல் நீளம் பச்சை வயர்.

அவர் அதைத் தொடவில்லை.

"ஒரு வருஷமா பையிலயே வச்சுட்டா அலையிற? கனக்கல?"

"தெரியுமா அத்தான்?"

"ஆபீஸ்காரர் வர்றதுக்கு முன்னாடியே பாத்தேன். செவத்துல ஒரு சாண் வயரு தொங்கிட்டு இருந்துச்சு. முனை பல்லு பல்லா இருந்துச்சு. என் தொழில் பண்றவன் வயரைப் பிளையர்ல வெட்டுவான் மாப்ள. ஆக்ஸா பிளேடு போடுறவன் அந்த வீட்டுக்குள்ள வர்றது ஒருத்தன்தான். அவர் பாக்குறதுக்குள்ள அந்த முனையை வெட்டி எறிஞ்சேன்."

"ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? நீ அறுத்தே. நான் கழட்டினேன். ரெண்டுல ஏதாச்சும் ஒண்ணு இருந்திருந்தா அவ இருந்திருப்பா. நான் எந்தக் கையால உன்னைக் காட்டுறது?"

நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"ஆனா ஒண்ணு மாப்ள. ஒவ்வொரு வீட்லயும் பாத்தேன். இன்னிக்குச் சொல்லுவான், இன்னிக்குச் சொல்லுவான்னு. எண்பத்தி மூணு வீடு ஆயிருச்சு."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"எனக்குத் தெரிஞ்சதை என்கிட்டயே சொல்லி என்ன ஆகப்போகுது? பாப்பாகிட்ட சொல்லு. நான் சொன்னா பழியை உன் மேல தள்ளுற மாதிரி ஆயிரும்" என்றார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். "சொல்லிட்டுக் கொஞ்ச நாள் வீட்டுப் பக்கம் வராத. உன் மேல கோவம் இல்லன்னு என்னால பொய் சொல்ல முடியல. ஆறினதும் நானே கூப்பிடுறேன்."

அன்றைக்கே போனேன். பாப்பா கதவு நிலையில் நின்றபடி கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க அறுக்கும்போது அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன், நான் டீ போடச் சொன்னதையும் சொன்னேன். அவள் கதவைச் சாத்தினாள். மறுநாள் அப்பாவும் மகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக் கேள்விப்பட்டேன். அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதவில்லை.

அத்தான் கூப்பிடவில்லை. வீட்டுப் பக்கம் வராதே என்றார், சந்துப் பக்கம் வராதே என்று சொல்லவில்லையே. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாளித் தண்ணீரோடு போய், மூடியைத் தூக்கி அந்த எர்த் குழியில் ஊற்றிவிட்டு வருவேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்கும். மூடியை வைக்கும்போது கல் உரசுகிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். பின்கதவு திறக்காது. நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவேன். நாலு வருஷம் ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் போய்விட்டார். நெஞ்சு வலி. சொல்லி அனுப்பினார்கள். போனேன். சட்டைப் பையில் டெஸ்டர் அப்படியே இருந்தது. அதை எடுக்க வேண்டாம் என்று பாப்பா சொல்லிவிட்டாள். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறும் வாளியோடு சந்துக்குள் போனேன். அன்றைக்குப் பின்கதவு திறந்திருந்தது. பாப்பா குழியருகே நின்றிருந்தாள். மூடி தள்ளியிருந்தது, உள்ளே மண் நனைந்திருந்தது. அவள் காலடியில் ஒரு காலி வாளி.

"இனிமே நான் ஊத்திக்கிறேன், மாமா" என்றாள்.

நாலு வருஷத்துக்குப் பிறகு மாமா என்று கூப்பிட்டாளே என்ற நினைப்பில் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தேன். இனிமேல் நீங்கள் வர வேண்டியதில்லை என்றும் அவள் சொல்லியிருக்கிறாள் என்பது தெருமுனைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வாளி நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது. அதை எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன்.